இலை ஒன்று, சுவை பல
(ஜப்பானியப் பச்சைத் தேநீரும் பிற தேநீர் வகைகளும்: ஓர் எளிய பாடம்)

தேநீரைப் பற்றி இவ்விதழுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று ஆசிரியர் குழு நண்பர்கள் கேட்டபோது, "காப்பி குடிக்கும் கூட்டத்திடம் போய் டீயைப் பற்றியா?" என்று சிரித்தேன். ஆனால் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளும் மருமக்களும் தோக்கியோ, ஓசாகா என்று வேலைக்குப் போய் வருகிறார்கள். வரும்போது அழகான டப்பாவில் பச்சைத் தேயிலை கொண்டு வருகிறார்கள். அது அலமாரியில் ஆறு மாதம் தூங்குகிறது. பிறகு ஒருநாள் வழக்கம்போல் கொதிக்கிற நீரில் போட்டு வடிகட்டினால் ஒரே கசப்பு. "உடம்புக்கு நல்லதாமே" என்று கஷாயம் குடிப்பதுபோல் குடித்துவிட்டு, மீதியை வேலைக்கார அம்மாளிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

நான் முப்பது ஆண்டுகள் கொல்கத்தாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவன். 1861 முதல் தேயிலை ஏலம் நடந்து வரும் ஊர் இது. இங்கே வாழ்ந்தவனுக்குத் தேயிலையின் மேல் ஓர் ஆர்வம் வராமல் இருக்காது. படித்ததையும் குடித்துப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இப்பாடத்தின் சாரம் ஒன்றே: தேநீரின் குணத்தைத் தீர்மானிப்பது சூடு. பறித்த இலைக்குத் தொழிற்சாலையில் எப்போது சூடு காட்டினார்கள் என்பது ஒன்று. வீட்டில் எவ்வளவு சூடான நீரை ஊற்றினோம் என்பது மற்றொன்று. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

செடி ஒன்றே

பச்சைத் தேயிலைக்கு ஒரு செடி, கறுப்புத் தேயிலைக்கு வேறொரு செடி என்று நினைப்பவர் இன்றும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய பேரறிஞர் லின்னேயஸே 1762இல் இரண்டையும் தனித்தனி இனங்களாகத்தான் எழுதினார். 1840களில் சீனத் தேயிலைத் தோட்டங்களுக்குள் சென்று பார்த்த ராபர்ட் ஃபார்ச்சூன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர்தான், ஒரே செடியின் இலையிலிருந்து இரண்டும் ஆகின்றன என்பதை மேலைநாட்டாருக்கு உறுதிப்படுத்தினார். கமெலியா சினென்சிஸ் என்பது அச்செடியின் இன்றைய பெயர். அதில் சிறிய இலை கொண்ட சீன வகை, பெரிய இலை கொண்ட அசாம் வகை என இரு பிரிவுகள் உண்டு.

அப்படியானால் நிறமும் சுவையும் ஏன் வேறுபடுகின்றன? இதை விளக்க நம் சமையலறையே போதும். வாழைப்பூவை நறுக்கியவுடன் மோர் கலந்த நீரில் போடுகிறோம். போடாவிட்டால் கறுத்துவிடும். வெட்டுப்பட்ட இடத்தில் அதிலுள்ள ஒரு நொதி, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து துவர்ப்புப் பொருள்களைக் கறுக்கச் செய்கிறது. மோரின் புளிப்பு அந்த நொதியை அடக்குகிறது. தேயிலையிலும் அதே வகை நொதிதான். இலையைக் கசக்கிக் காற்றாட விட்டால் பச்சை இலை செம்பழுப்பாகிப் பிறகு கறுக்கிறது. அதுவே கறுப்புத் தேயிலை. பறித்தவுடன் சூடு காட்டி நொதியைச் செயலிழக்கச் செய்துவிட்டால் இலை பச்சையாகவே நிற்கும். அதுவே பச்சைத் தேயிலை. இதைப் பலர் 'புளிக்க வைத்தல்' என்கிறார்கள். பெரும்பாலான தேயிலைகளில் நடப்பது நம் இட்லி மாவு புளிப்பதைப் போன்ற நுண்ணுயிர் வேலை அன்று, ஆக்சிஜனேற்றமே.

இந்தக் கணக்கை வைத்துத்தான் தேயிலையை ஆறு குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள்:

1. வெள்ளைத் தேயிலை: இளங்குருத்தைக் கசக்காமல் வாடவிட்டு உலர்த்துவது. சீனத்தின் ஃபூஜியன் மாநிலம் இதற்குப் பெயர் பெற்றது.
2. பச்சைத் தேயிலை: உடனே சூடு காட்டியது.
3. மஞ்சள் தேயிலை: சூடு காட்டிய பின் ஈரத்தோடு சிறிது நேரம் மூடி வைப்பது. மிக அரிது.
4. ஊலாங்: பாதி வழியில் நிறுத்தியது. ஃபூஜியனும் தைவானும் இதில் வல்லவை.
5. கறுப்புத் தேயிலை: முழுதாக மாறவிட்டது. நாம் அன்றாடம் அறிந்தது.
6. முதிர்ந்த தேயிலை: யுன்னான் மாநிலத்துப் பூ-எர் போன்றவை. இவற்றில் மட்டும் உண்மையிலேயே நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன.

துளசி டீ, செம்பருத்தி டீ, ஜப்பானியர் வேனிலில் குளிரக் குடிக்கும் 'முகிச்சா' என்னும் வறுத்த வாற்கோதுமை நீர் ஆகியவை பெயரளவில்தான் தேநீர். இவற்றில் தேயிலை இல்லை.

இட்லிப் பானையும் தோசைக்கல்லும்

பச்சைத் தேயிலைக்குச் சூடு காட்டுவதில் சீனருக்கு ஒரு வழி, ஜப்பானியருக்கு ஒரு வழி. சீனர் பெரும்பாலும் சூடான இரும்புச் சட்டியில் இலையைப் புரட்டுகிறார்கள். ஜப்பானியர் ஆவியில் வைக்கிறார்கள். முன்னது தோசைக்கல், பின்னது இட்லிப் பானை என்று வைத்துக்கொள்ளலாம். சட்டியில் புரண்ட இலைக்கு வறுத்த கொட்டையின் மணம் வருகிறது. ஆவியில் வெந்த இலையோ ஆழ்ந்த பச்சை நிறத்தோடும், புல், கீரை, கடற்பாசி ஆகியவற்றை நினைவூட்டும் மணத்தோடும் இருக்கிறது. ஜப்பானியத் தேநீரை முதன்முதல் குடிப்பவர் "இதென்ன கீரைத் தண்ணீர்?" என்று முகம் சுளிப்பது இதனால்தான். அந்த மணம் கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. அதுவே அதன் இயல்பு.

இந்த வழி ஒரே நாளில் வந்துவிடவில்லை. சீனத்தில் பௌத்தம் பயின்ற எய்சாய் என்னும் துறவி 1191இல் நாடு திரும்பியபோது தேயிலை விதைகளைக் கொண்டு வந்தார் என்பது ஜப்பானியர் போற்றும் வரலாறு. தேநீரால் உடல் நலம் பேணுவது பற்றி அவர் ஒரு நூலும் எழுதி, 1214இல் ஆட்சியாளர் சனேதோமோவுக்குக் கொடுத்தார். அக்காலத்தில் தேயிலையைப் பொடியாக்கி நீரில் கலக்கி நுரைக்க அடித்துக் குடித்தார்கள். சீனத்தில் மிங் அரசர் காலத்தில் அவ்வழக்கம் மறைந்து, இலையை நீரில் ஊறவைக்கும் பழக்கம் பரவியது. ஜப்பானில் மட்டும் பொடித் தேநீர் நிலைத்து, 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூவின் கையில் தேநீர்ச் சடங்காக முழுமை பெற்றது.

ஆனால் சடங்குத் தேநீர் எளியவர்க்கு எட்டாததாகவே இருந்தது. 1738இல் கியோத்தோவை அடுத்த ஊஜிப் பகுதியில் நகாதானி சோயென் என்னும் விவசாயி, இளம் இலையை ஆவியில் வைத்து, சூட்டின் மேலேயே கையால் உருட்டி உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். இதுவே இன்றைய 'சென்ச்சா'. ஜப்பானியர் வீடுகளில் பச்சைத் தேநீர் என்றால் பெரும்பாலும் இதுதான்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மெய்ஜி அரசு கறுப்புத் தேயிலை செய்யும் கலையை அறிய, தாதா மோதோகிச்சி என்பவரை 1876இல் இந்தியாவுக்கு அனுப்பியது. அவர் டார்ஜிலிங், அசாம் தோட்டங்களைப் பார்த்து, விதைகளோடு நாடு திரும்பினார். அவ்விதைகளின் வழிவந்த செடி வகைகள் இன்றும் ஜப்பானில் வளர்கின்றன. 1902இல் கல்கத்தாவில் தங்கி தாகூர் குடும்பத்தாருடன் நெருங்கிப் பழகிய ஒகாகுரா ககுஸோ, 1906இல் தேநீரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறு நூல்தான் ஜப்பானியத் தேநீர்ச் சிந்தனையை உலகெங்கும் கொண்டு சென்றது.

நிழலின் இனிப்பு

ஜப்பானியத் தேயிலையின் சிறப்பை அறிய இரண்டு பொருள்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று தியானின் என்னும் அமினோ அமிலம். வேரில் உண்டாகி இலைக்கு ஏறும் இது, இனிப்பும் குழைவும் கலந்த ஒரு சுவை தருகிறது. 1949இல் கியோத்தோவில் சகாதோ யாஜிரோ இதைப் பச்சைத் தேயிலையில் கண்டறிந்தார். மற்றொன்று கேட்டகின் என்னும் துவர்ப்புப் பொருள். இதைத் தூய நிலையில் பச்சைத் தேயிலையிலிருந்து 1929இல் பிரித்தெடுத்தவர் சுஜிமுரா மிச்சியோ என்னும் பெண் அறிவியலார். 1932இல் வேளாண்மை அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் இவரே.

வெயில் பட்டால் இலையிலுள்ள தியானின் குறைந்து கேட்டகின் கூடும். நிழலில் வளர்ந்தால் தியானின் தங்கிவிடும். பறிப்பதற்குமுன் ஏறக்குறைய இருபது நாள் தோட்டத்துக்குப் பந்தல் போட்டு நிழல் தருவது ஊஜிக்காரர் பழைய வழக்கம். முன்பு நாணலும் வைக்கோலும் பரப்பினார்கள். இப்போது பெரும்பாலும் கறுப்புத் துணி. அப்படி வளர்த்த இலையைச் சென்ச்சாவைப்போல் உருட்டினால் 'க்யோகுரோ'. உருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் திரிகையில் அரைத்தால் 'மாச்சா'. ஒரு திரிகை ஒரு மணி நேரம் சுற்றினாலும் ஏறத்தாழ 40 கிராம்தான் கிடைக்கும். நல்ல மாச்சா ஏன் விலை கூடியது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கடையில் காணும் மற்றப் பெயர்களையும் சுருக்கமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷின்ச்சா: ஆண்டின் முதல் கொழுந்து. வசந்தம் பிறந்ததாகக் கணக்கிடும் நாளிலிருந்து 88ஆம் நாள், அதாவது மே மாதத் தொடக்கம், இதற்குப் பேர்போனது.
ஃபுகமுஷி சென்ச்சா: ஆவியில் கூடுதல் நேரம் வைத்தது. இலை பொடிந்திருக்கும், நீர் கலங்கலாகும், துவர்ப்பு குறையும்.
பான்ச்சா: பின்னர்ப் பறித்த முற்றிய இலை. விலை மலிவு. அன்றாடத் தேநீர்.
ஹோஜிச்சா: இலையையோ காம்பையோ வறுத்தது. செம்பழுப்பு நீர், வறுத்த மணம்.
கென்மாய்ச்சா: பொரித்த அரிசி கலந்தது. நம் பொரியின் வாசனை வரும்.
குகிச்சா: காம்புத் தேநீர். மென்மையானது.

எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் முதல் வாயிலேயே பிடித்துப்போவது ஹோஜிச்சாவும் கென்மாய்ச்சாவும்தான். வறுத்த மணத்துக்குப் பழகிய நாக்கல்லவா! எனவே இவற்றில் தொடங்கிச் சென்ச்சாவுக்குப் போவது நல்ல வழி.

தேயிலை விளைவதில் ஷிசுவோக்கா மாநிலமே நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. 2024இல் தெற்கேயுள்ள ககோஷிமா அதனை முதன்முறையாக முந்தியது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் உலகெங்கும் மாச்சா மோகம் பெருகி, புகழ்பெற்ற சில பழைய கடைகள் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கும் நிலை வந்தது.

டபராவே போதும்

இனி, பாடத்தின் முக்கியப் பகுதிக்கு வருவோம். தியானின் இளஞ்சூட்டு நீரிலேயே கரைந்து வந்துவிடும். கேட்டகினும் காஃபினும் நீரின் சூடு ஏற ஏறக் கூடுதலாக இறங்கும். ஆகவே கொதிநீரை ஊற்றினால் துவர்ப்பும் கசப்பும் முந்திக்கொண்டு இனிப்பை மறைத்துவிடும். நம் வீட்டுச் சென்ச்சா கசப்பதற்குக் காரணம் இதுதான். இலையின்மேல் தவறில்லை.

ஜப்பானியர் கொதித்த நீரை ஆறவைக்க 'யுசமாஷி' என்று ஒரு தனிக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். நம்மிடம் டபரா-டம்ளர் இருக்கிறது. நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஒருமுறை மாற்றினால் ஏறக்குறைய 5 முதல் 10 டிகிரி குறையும். பாத்திரத்தின் கனத்தையும் அறையின் குளிரையும் பொறுத்து இது மாறும். டில்லி ஜனவரியில் இரண்டு ஆற்று ஆற்றினால் வரும் சூட்டுக்குச் சென்னை மே மாதத்தில் மூன்று ஆற்று வேண்டியிருக்கலாம். ஒரு சமையல் வெப்பமானி இருந்தால் முதல் சில நாள் அளந்து பாருங்கள். பிறகு கையே சொல்லிவிடும்.

சென்ச்சா, இருவருக்கு: இரண்டு சிறு கரண்டி இலை (4 அல்லது 5 கிராம்), 70 முதல் 80 டிகிரி நீர் 200 மி.லி., ஒரு நிமிடம்.
க்யோகுரோ: 5 கிராம் இலை, 50 முதல் 60 டிகிரி நீர் 60 மி.லி. மட்டும், இரண்டு நிமிடம். இது மடக்கென்று குடிப்பதற்கன்று. நாக்கில் வைத்து ருசிப்பது.
ஹோஜிச்சா, பான்ச்சா, கென்மாய்ச்சா: கொதிநீரையே ஊற்றலாம். அரை நிமிடம் போதும்.
மாச்சா: 2 கிராம் பொடியைச் சலித்து, 80 டிகிரி நீர் 70 மி.லி. விட்டு, மூங்கில் கடைவானால் நுரைவர அடிக்க வேண்டும்.

மூன்று குறிப்புகள். முதலாவது, கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுங்கள். இலையில் நீர் தங்கினால் அடுத்த முறை கசக்கும். இரண்டாவது, அதே இலையில் இரண்டாம் முறையும் போடலாம். ஃபில்டரில் இரண்டாம் டிகாக்ஷன் எடுப்பதுபோல்தான். ஆனால் இலை ஏற்கெனவே விரிந்திருப்பதால் சற்றுச் சூடான நீரும் பத்துப் பதினைந்து நொடியும் போதும். மூன்றாவது, நீர். ஜப்பானின் நீர் பெரும்பாலும் மென்னீர். நம் ஊர்களில் ஆழ்குழாய்க் கடின நீர் வரும் வீடுகளில் வடிகட்டிச் சுத்திகரித்த நீரைப் பயன்படுத்தினால் நிறமும் மணமும் தெளிவாக வரும்.

பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவிடும் நம் டீயை நான் இழித்துப் பேசவில்லை. 1930இல் அசாமில் மெக்கெர்ச்சர் என்பவர் அமைத்த 'சி.டி.சி.' இயந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குகிறது. அக்குருணை விரைவில் அடர்த்தியாக இறங்கும். பாலைத் தாங்கும். அதற்குக் கொதிக்க வைப்பதே பொருத்தம். டார்ஜிலிங் முதல் பறிப்புக்கோ, நல்ல நீலகிரி முழு இலைக்கோ அது பொருந்தாது. நம் நாட்டிலேயே பச்சைத் தேயிலை வேண்டுவோர் இமாசலத்துக் காங்க்ரா இலையைத் தேடலாம். 1849இல் அங்கே பயிரிடத் தொடங்கினார்கள். 1905 ஏப்ரல் 4ஆம் நாள் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கம் அத்தொழிலை நொடித்துப்போட்டது. இருந்தும் அது மடியவில்லை. காஷ்மீரத்தார் குங்குமப்பூவும் ஏலமும் இட்டுப் போடும் கஹ்வாவும் பச்சைத் தேயிலைதான்.

மருந்தா, பானமா?

இப்பகுதியை எழுதவே இக்கட்டுரையை ஒப்புக்கொண்டேன் என்றும் சொல்லலாம். பச்சைத் தேநீரை இன்று பலர் மருந்தாகவே வாங்குகிறார்கள். ஜப்பானின் மியாகி மாநிலத்தில் 40,530 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. நாள்தோறும் ஐந்து கோப்பை அல்லது அதற்கு மேல் குடித்தவரிடையே இதய, இரத்தக்குழாய் நோய்களால் வரும் இறப்பு குறைவாகக் காணப்பட்டது. புற்றுநோய் இறப்பில் அத்தகைய வேறுபாடு இல்லை. இது கவனித்து எழுதிய கணக்கு. தேநீர்தான் காரணம் என்று நிறுவிவிட்டதாகாது. அவர்களுடைய உணவு, உழைப்பு, வாழ்க்கை எல்லாம் சேர்ந்தே அதில் இருக்கின்றன.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் நாற்பது வயதுச் சகோதரி ஒருவர், உடல் இளைக்க வேண்டும் என்று மூன்று வேளையும் சாப்பிட்ட கையோடு பச்சைத் தேநீர் குடித்து வந்தார். முன்பே சோகை உள்ளவர். இரும்புச் சத்து மாத்திரையையும் அத்தேநீரோடேயே விழுங்கிக்கொண்டிருந்தார். மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்று விசாரித்தபோதுதான் மருத்துவருக்கு இது தெரியவந்தது. தேநீரை மாலை நான்கு மணிக்கு மாற்றச் சொன்னார். சில மாதங்களில் இரத்தப் பரிசோதனை முன்னேற்றம் காட்டியது.

இதன் வேதியியல் எளிது. தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, உடல் ஏற்கவிடாமல் தடுக்கின்றன. மரக்கறி உண்பவருக்கு இது மேலும் முக்கியம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகை உள்ளவர்கள். ஆகவே சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். உணவில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்வது இரும்புச் சத்து சேர உதவும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். தேயிலைச் சாற்றைச் செறிவாக்கி மாத்திரையாக விற்பது வேறு, தேநீர் வேறு. அம்மாத்திரைகளின் வழியாக நாளொன்றுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் ஈ.ஜி.சி.ஜி. என்னும் கேட்டகின் உட்கொள்வது கல்லீரலுக்குத் தீங்காகலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர், மாச்சா குடிக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இலையையே விழுங்குவதால் அதிலுள்ள வைட்டமின் கே உடலில் சேரும். தூக்கம் வராதவரும் கவனிக்க: ஜப்பானிய அரசின் உணவு அட்டவணைப்படி 100 மி.லி. க்யோகுரோவில் 160 மி.கி. காஃபின் உண்டு. அதே அளவு காப்பியில் 60, சென்ச்சாவில் 20, பான்ச்சாவில் 10. 'பச்சை' என்பதால் தூக்கத்தைக் கெடுக்காது என்று எண்ண வேண்டாம்.

வாங்குவோருக்கு

பறித்த ஆண்டும் பொதி கட்டிய தேதியும் பாருங்கள். பச்சைத் தேயிலை பழையதாக ஆக மணம் இழக்கும். காற்று, ஒளி, ஈரம், சூடு நான்கும் அதற்குப் பகை. எனவே சிறு பொதியாக வாங்கி, பிரித்த பின் ஒன்றிரண்டு மாதத்தில் முடித்துவிடுங்கள். பெருங்காயத்துக்கும் சாம்பார்ப் பொடிக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். பிறர் மணத்தை இழுத்துக்கொள்வதில் தேயிலைக்கு நிகரில்லை. மஞ்சளோடிய மந்தமான பொடியை 'மாச்சா' என்று மலிவாகக் கொடுத்தால் சமையலுக்கு ஆகலாம், குடிப்பதற்கு ஆகாது.

பாடம் என்றால் பயிற்சியும் வேண்டுமல்லவா? ஒரே சென்ச்சாவை மூன்று டம்ளர்களில் சம அளவாகப் போடுங்கள். ஒன்றில் கொதிநீர், ஒன்றில் 80 டிகிரி, ஒன்றில் 60 டிகிரி. மூன்றையும் ஒரே நிமிடத்தில் வடித்து வரிசையாகச் சுவைத்துப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எந்த டம்ளரில் எந்த நீர் என்று சொல்லாமல் கொடுத்துக் கேளுங்கள். ஒரே டப்பாவிலிருந்து வந்த இலை மூன்று விதமாகப் பேசும். அலமாரியில் தூங்கும் அந்த டப்பாவை யாருக்கேனும் கொடுப்பதற்கு முன், அதற்கு இந்த ஒரு வாய்ப்பையாவது கொடுங்கள்.